ஊர் முழுக்க ஒரே மெயில் ஐடி

போனை எப்படிப் பிரிப்பது, எப்படி மூடுவது என்று இதில் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. நீங்கள் பார்த்திருப்பீர்கள், சிலர் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். (என்னைவிட என்று சும்மா சொன்னேன்.) புதிதாக செல்போன் கடை போட்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல வருவது வேறு. அடுத்தவர் போனைத் திறந்த பிறகு நம் கண்ணை எங்கே வைப்பது என்பது.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. ரேடியோ, டேப் ரெக்கார்டர், டிவி, அப்புறம் போன் என்று எது வந்தாலும் யாரிடமும் கைகட்டி நிற்காமல், பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவன். மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எட்டடிக் கடை. கூனிமேட்டிலிருந்து ஆள் வரும், கிளியனூரிலிருந்து ஆள் வரும். பாண்டிச்சேரியில் பெரிய கண்ணாடிக் கடைக்காரன் "இது தேறாது" என்று திருப்பிக் கொடுத்த போனெல்லாம் என்னிடம் வந்து தேறும். காரணம் உப்பு. எங்கள் ஊர்ப் போன் சாவது உப்பில்தான். சார்ஜ் போடுகிற ஓட்டையில் உப்பு பூக்கும், ஸ்பீக்கர் சல்லடையில் உப்பு பூக்கும். அந்த உப்பை எடுத்துப் போனுக்கு உயிர் கொடுக்கிற கை இந்தக் கரையில் என் கை ஒன்றுதான் இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

டச் போன் வந்து இறங்கிய காலம். ஆன் செய்ததும் அது ஒரு மெயில் ஐடி கேட்கும். உப்பளத்தில் கூடை தூக்குகிற அம்மாவுக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் ஏது மெயில் ஐடி? புதிதாக ஒன்று உண்டாக்க வேண்டும். பெயர் கேட்கும். பிறந்த தேதி கேட்கும். பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது, நடுவில் ஒரு எண் வேண்டும், ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அடுக்கிக்கொண்டே போகும். ஓ.டி.பி. அனுப்பினேன் என்று சொல்லும். டவர் இல்லாத நேரம் பார்த்து அனுப்பும். அது வந்து சேர்வதற்குள் அதன் ஆயுசு முடிந்திருக்கும். வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். "அண்ணா, பஸ் வந்துடும்ணா, சீக்கிரம் குடுங்கண்ணா" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைக்கென்று ஒரு மெயில் ஐடி வைத்திருந்தேன். அதையே எல்லோருடைய போனிலும் போட்டுவிட்டேன். பாஸ்வேர்டு என் மனசில் பத்திரமாக இருந்தது. அதற்கப்புறமும் போன் விடாது. உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, உங்கள் படங்களைச் சேமிக்கலாமா, நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். சரி, சரி, சரி. என் கட்டைவிரல் எதையும் படிக்காது, அமுக்கும். ஐந்தே நிமிடத்தில் போன் ரெடி. என் கடைக்கு 'அஞ்சு நிமிஷக் கடை' என்றே பெயர் வந்தது. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு மீசை ஒரு அங்குலம் வளரும்.

உங்களுக்கு இதைப் படிக்கும்போதே வியர்த்திருக்கும். எனக்கு அன்றைக்கு வியர்க்கவில்லை. ஒரே ஐடி என்றால் எல்லாருடைய நம்பரும் படமும் ஒரே இடத்தில் போய்ச் சேரும், எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைக்க ஆள் வராமலும் இல்லை. ஒரு நாள் ஒரு மீனவர் வந்தார்.

"அண்ணா, என் போன்ல 'பெரிய மாமியார்'னு ஒரு நம்பர் இருக்குதுண்ணா. நான் போடவே இல்ல. எனக்கு இருக்குறது ஒரே ஒரு மாமியாரு. அதையே தாங்க முடியல."

"இருக்கட்டும்பா. சின்னது கோவிச்சுக்கினா பெரிசுகிட்ட போவலாம் இல்ல?" என்றேன்.

கடையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு அவர் போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

இனி ஒரு அம்மாவைப் பற்றி. பெயரைப் போடக்கூடாது என்று சொல்லித்தான் எழுத விட்டார். அவரும் அவர் வீட்டுக்காரரும் ஒரே உப்பளத்தில் வேலை. அவர் பாத்தியில் உப்பு வாருவார், இந்த அம்மா கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார். ஒரு கோடையில் அவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சில மாதம் கழித்து இந்த அம்மாவின் போன் இடுப்பிலிருந்து நழுவிப் பாத்தியில் விழுந்தது. என்னிடம் கொண்டுவந்தார். என் கைக்கே அது தேறவில்லை.

வேறு போன் வாங்கச் சொல்லி, அதில் அதே கடை ஐடியைப் போட்டேன். பழைய போனில் இருந்த படங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. நடுவில் யார் யாருடையதோ படமும் வந்தது, அதை நான் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்காரர் முகம் வந்ததும் அந்த அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லா இருங்கண்ணா" என்றார். நான் கடையில் நின்ற எல்லாரையும் பார்த்துச் சொன்னேன்: "பாத்தீங்களா? போனு தண்ணில போனாலும் என் கடையில படம் போவாது!"

அப்படிச் சொன்ன வாய்தான் இது.

கொஞ்ச நாள் கழித்து சேகர் வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"இடம் இல்ல, இடம் இல்லன்னு எப்பப் பாத்தாலும் காட்டுதுண்ணா. நான் எடுத்ததே நாலு போட்டோ. இதுக்கு இன்னா கேடு?"

"வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வா" என்றேன்.

அவன் போனதும் படங்கள் இருக்கிற இடத்தைத் திறந்தேன். ஊரே உள்ளே இருந்தது. உப்புக் குவியல், காதுகுத்து, யாரோ ஒருவருடைய கால் எக்ஸ்ரே, ரேஷன் கார்டு, பெண் பார்க்க அனுப்பிய போட்டோ, குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற குழந்தை. அந்த இடத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சினிமா பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

நடுவில் ஒரு வீடியோ. ஒரு மனுஷன் உப்பளத்து வரப்பில் நின்று, போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். பின்னால் வெள்ளை வெயில். பேச்சு பெண்சாதிக்கு என்று கேட்டதும் தெரிந்துவிட்டது. பதினோரு விநாடி. எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. யார் என்று யோசிக்கவில்லை. முழுசாகப் பார்த்தேன், தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு, சேகருடையது என்று தெரிந்த நாலு படத்தைத் தவிர அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். எல்லாம் யார் யார் போனிலோ இருக்கும், இங்கே வழி தவறி வந்த நகல்தான் என்று நினைத்தேன். அழித்தது போய் ஒதுங்குகிற குப்பைத்தொட்டி ஒன்று உண்டு. அதையும் காலி செய்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. சேகர் வந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பறக்குதுண்ணா!" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா வந்தார். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். கடையில் கூட்டம்.

"அண்ணா, என் போன்ல அவரு படம் ஒண்ணுகூட இல்லண்ணா."

"எதையாச்சும் அமுக்கியிருப்பம்மா."

"இல்லண்ணா. நான் தொடறதே இல்ல. அதுல ஒரு வீடியோ இருந்துச்சு. வரப்புல நின்னுக்கினு பேசுவாரு. அது மட்டுமாச்சும் இருக்குதா பாருங்களேன்."

அந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்பது அப்போது தெரிந்துவிட்டது. ஒரே ஐடி என்பதால் சேகர் போனில் அழித்தது எல்லார் போனிலும் அழிந்திருக்கிறது. மற்றவர்கள் படமெல்லாம் அவரவர் போனுக்குள்ளேயும் தனியாக இருந்ததால் தப்பித்தது. பழைய போனைத் தண்ணீருக்குக் கொடுத்த இந்த அம்மாவுக்கு மட்டும் வேறு நகல் கிடையாது. நான் அழித்ததுதான் கடைசி.

உண்மையைச் சொல்ல அப்போது ஒரு மூச்சு நேரம் கிடைத்தது. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் தலை குனிய என்னால் முடியவில்லை.

"அப்டேட் வந்துச்சு இல்ல, அதுல போயிருக்கும்மா. நம்ம கையில இல்ல அது" என்றேன்.

என்னை நம்பினார். அதுதான் தாங்கவில்லை. "அப்டேட்டுன்னா வராதாண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ரப்பர் பேண்டை மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கே கடையைச் சாத்தினேன். அந்த மெயில் ஐடி கொடுக்கிற இடத்தில் உதவி கேட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் நான் மனுஷன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது கட்டம் காட்டி, பஸ் இருக்கிற கட்டத்தைத் தொடு என்றது. தொட்டேன். தப்பு என்றது. பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கிறவனுக்குப் பஸ் தெரியவில்லையாம். எப்படியோ மனுஷன் ஆனேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் திரும்பாது என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், அதே எழுத்து. அந்தப் பக்கம் ஆளே இல்லை. திட்டக்கூட ஆள் இல்லை. திட்டுவதற்கு இந்தப் பக்கம் ஒரே ஆள்தான் இருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உப்பளத்துக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கிற அவசரம் அங்கே. கூடையோடு போன ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, போனு கடைய இங்கயே தூக்கினு வந்துட்டீங்களா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தேடி வந்தவர் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆசையாகப் பார்த்தார். கிடைத்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறேன் என நினைத்திருக்கிறார்.

"அது அப்டேட்ல போவலம்மா. நான்தான் அழிச்சேன்."

"போனு என் கையில இல்ல இருந்துச்சு? நீங்க எப்பிடிண்ணா அழிப்பீங்க?"

"ஊருத் துணியெல்லாம் ஒரே பீரோவுல வெச்சிருந்தேம்மா. சாவியும் ஒண்ணு. யாருதுன்னு பாக்காம தூக்கிப் போட்டுட்டேன்."

கூடை விளிம்பில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார்.

"அப்ப என் போட்டோவெல்லாம் ஊர்ல எல்லாரு போன்லயும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கும்மா."

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"தெரியலம்மா."

"நீங்க?"

"பாத்தேன்."

"அந்த வீடியோவ?"

"அதையும்தான். முழுசா."

அவர் கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கத்தவில்லை.

"எனக்குன்னு பேசுனதுண்ணா அது. அவரு எடுத்த அன்னிக்கி ஒரு தடவ பாத்தேன். வேல செய்யற எடத்துல இன்னா வெளயாட்டுன்னு திட்டினேன். அவரு போனப்புறம் போட்டே பாக்கல. போட்டா தீந்துடுமோன்னு பயம். இருக்குது, இருக்குதுன்னு நெனச்சுக்கினே வேல செய்வேன். ஒரு நாளு மனசு திடமானதும் பாக்கலாம்னு வெச்சிருந்தேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நடை கொட்டிவிட்டு வந்தார். இரண்டாவது நடை கொட்டிவிட்டு வந்தார். நான் அதே இடத்தில் நின்றேன். மூன்றாவது முறை வந்தவர் கூடையை இறக்காமல் கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். "ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். அது மரியாதையாகக்கூட இருந்திருக்கும். ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால், அடுத்தவன் பெண்சாதிக்குப் பேசியதை எவ்வளவு ஆசையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்பது வெளியே வந்துவிடும். ஆனால் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல். வருஷக்கணக்காக ரேடியோ கரகரப்பை வைத்தே எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொன்ன காது இது. ஒரு சத்தம் உள்ளே போனால் வெளியே வராது. நான் கெட்டியாக வைத்திருந்த அத்தனை வித்தையிலும் அன்றைக்கு உதவியது அது ஒன்றுதான்.

"ஞாபகம் இருக்குதும்மா" என்றேன்.

மற்றவர்கள் காதில் விழாத தூரத்துக்கு, வரப்பின் கடைசி வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொன்னேன். அவர் வீட்டுக்காரர் வார்த்தையிலேயே சொன்னேன். என் அழகு எதையும் சேர்க்கவில்லை. அவர் எங்கே இழுத்தாரோ அங்கே இழுத்தேன், எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தினேன்.

"திரும்ப" என்றார்.

திரும்பச் சொன்னேன்.

"திரும்ப."

மூன்றாவது முறை பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இத நீங்க வேற யாருகிட்டயும் சொல்லக்கூடாது. உங்க வீட்லகூட."

"சொல்ல மாட்டேம்மா."

சொல்லவில்லை. என் பெண்சாதி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஆகவே நீங்களும் கேட்காதீர்கள்.

அடுத்த இரண்டு மாதம் நான் புது வேலை எதுவும் எடுக்கவில்லை. என் கையால் ஐடி போட்ட ஆளையெல்லாம் தேடித் தேடிக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரிடமும் என்ன செய்திருந்தேன் என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார். மாமியார் நம்பர்க்காரர் மட்டும், "அப்ப பெரிய மாமியாரு இனிமே வராதாண்ணா?" என்று வருத்தப்பட்டார். ஆளுக்கு ஒரு ஐடி. பாஸ்வேர்டு அவர்களே போட வேண்டும். அந்த நேரம் நான் கடையை விட்டு இறங்கி ரோட்டில் நிற்பேன். போன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பேன். "நீ இருக்குற எடத்த தெரிஞ்சுக்கலாமான்னு கேக்குதும்மா. சரியா, வேணாமா?" "நீங்களே போடுங்கண்ணா" என்பார்கள். "போனு உன்னது. பதிலும் உன்னது. என் வெரலுக்கு அதுல வேல இல்ல" என்பேன். "இன்னாண்ணா, பத்திரம் பதியற ஆபீசு மாரி கேள்வி கேக்கறீங்க?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். அஞ்சு நிமிஷக் கடை முக்கால் மணி நேரக் கடை ஆனது. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். இந்தக் கரையிலேயே மெதுவான கடை என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயரையும் எவனும் என்னை மிஞ்சி எடுத்ததில்லை.

உங்களிடம் போன் வரும்போது அதற்குள்ளே ஒரு வீடு வரும். பழுது கூடத்தில் இருந்தால் கூடத்தோடு நில்லுங்கள். உள் அறைக் கதவு திறந்து கிடந்தாலும் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால், பார்க்காத மாதிரி இருக்கவே முடியாது. எனக்குத் தெரியும். மழைக்கு முன்னால் பஸ்ஸில் போகும்போது, வெயிலில் பாத்திகள் கண் கூசுமே, அப்போது அந்தக் குரல் கேட்கும். ஒரு மனுஷன் தன் பெண்சாதிக்கென்று வைத்துவிட்டுப் போனது, வழி தவறி என் காதில் வந்து தங்கிவிட்டது. அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியதை நான் சுமக்கிறேன். கொடுக்கலாம் என்றால் சொல்லத்தான் முடிகிறது, கொடுக்க முடியவில்லை.

மழை இறங்கி உப்பளம் வேலை நின்றதும் அந்த அம்மா ஒவ்வொரு வருஷமும் வருவார். கடை இருந்த வரைக்கும் கடைக்கு வந்தார். கை நடுங்க ஆரம்பித்து நான் கடையை விட்ட பிறகு வீட்டுக்கு வருகிறார். போனில் ஏதோ சத்தம் குறைவாக இருக்கிறது என்பார். பார்த்துக் கொடுப்பேன். ஒன்றும் இருக்காது. அப்புறம் என் பெண்சாதி டீ போட உள்ளே போகிற நேரம் பார்த்து, "ஒரு தடவ சொல்லுங்கண்ணா" என்பார். சொல்லுவேன். அவர் உதடும் கூடவே அசையும்.

போன மழைக்கு வந்தபோது சொல்லி முடித்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க சிரிப்ப வுட்டுட்டீங்கண்ணா."

"எந்தச் சிரிப்பும்மா?"

"கடைசியில. முடிக்கறதுக்கு முன்னாடி சிரிப்பாரு இல்ல?"

அந்த வீடியோவில் சிரிப்பு கிடையாது. கடைசியில் இருந்தது காற்றுச் சத்தம். உலகத்தில் அதைக் கடைசியாகக் கேட்டவன் நான். என் காது தப்பாது. சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடிக்கிறதுக்கு முன்னால் லேசாகச் சிரித்தேன்.

"ஆங், இப்ப சரி" என்றார்.

இப்போதெல்லாம் எனக்கும் அது சிரிப்போடுதான் கேட்கிறது.